விறகுக்குப் போகிற கட்டையில் ஒரு காளை

பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் வேர் வாடல் நோய் கண்ட தென்னைகளை வெட்டிச் சாய்த்துக்கொண்டிருக்கிறார்கள். சாலையை அகலப்படுத்தும் இடத்திலெல்லாம் புளிய மரம் போகிறது. ஊருக்குள் ஒரு பழைய ஓட்டு வீட்டை இடித்தால் விட்டமும் கைமரமும் வாசக்காலும் அன்று சாயங்காலமே லாரி ஏறிவிடும். இதில் நல்ல தேக்கு இருந்தால் மரக்கடைக்காரர் எடுத்துக்கொள்வார், மிச்சமெல்லாம் செங்கல் சூளைக்கோ விறகுக் கடைக்கோ எடைக்கணக்கில் போய்ச் சேரும். அதே ஊரில் மரவேலை பழக ஆசைப்படும் ஒருவர் ஆன்லைனில் பைன் பலகை ஆர்டர் போட்டுவிட்டுக் காத்திருப்பார். அந்த விறகுக் கட்டையிலேயே ஒரு காளை செதுக்குவது எப்படி என்று, அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்று. டிசைனை முடிவு செய்துவிட்டு மரம் தேடுவது கடை மரத்துக்குச் சரிப்படும், கழிவுக் கட்டைக்குச் சரிப்படாது. கட்டை கைக்கு வந்த பிறகு அதன் ஈரம் எவ்வளவு, வைரம், அதாவது உள்ளே முற்றிய கெட்டி மரம், எங்கே இருக்கிறது, வெடிப்பு எந்தப் பக்கம் ஓடுகிறது, உள்ளே ஆணி இருக்கிறதா என்று பார்த்து, அப்புறம்தான் அதில் என்ன செய்யலாம் என்று யோசிக்க வேண்டும். இந்த வேலையில் பாதி அதுதான். உளி பிடிப்பது மீதிப் பாதி, அது பழகப் பழக வந்துவிடும்.

கட்டை எங்கே கிடைக்கும்

வீடு இடிக்கும் வேலையை மொத்தமாக எடுத்துச் செய்கிறவர்கள், பழைய மரக்கடை, விறகுக் கடை, மர அறுவை மில் என்று நாலு இடம் போதும். மில்லில் வட்ட மரத்தைச் சதுரமாக்கும்போது முதலில் கழித்துப் போடும் பட்டைப் பலகை இருக்கிறதே, ஒரு பக்கம் பட்டையோடு இருப்பது, சுவரில் மாட்டும் வேலைக்கு அது அருமையான சரக்கு. விறகுக் கடையில் போய்க் கட்டைகளைப் புரட்டிப் பார்த்தால் "ஏனுங்க, அடுப்பெரிக்கறதுக்கு இத்தன பாக்கோணுமுங்களா?" என்று கேட்கத்தான் செய்வார்கள். காரணத்தைச் சொல்லிவிடுங்கள். அடுத்த தடவை போகும்போது நல்ல கட்டையாகப் பார்த்து எடுத்து வைத்திருப்பார்கள்.

தறி நிறுத்திய வீடுகளையும் விசாரியுங்கள். பவானியிலும் சென்னிமலையிலும் கைத்தறியைக் கழற்றி மூலையில் போட்டிருப்பவர்கள் உண்டு. துணி சுருட்டும் படைமரம் தலைமுறை தலைமுறையாகத் துணியும் கையும் பட்டுத் தேய்ந்து கிடக்கும், அந்த மழமழப்பை எந்த மிஷினாலும் கொண்டுவர முடியாது. மாட்டு வண்டி ஆரக்கால், நுகத்தடி, உடைந்த உலக்கை எல்லாம் இந்தக் கணக்குதான். ஆனால் ஒரு முழுச் சக்கரமோ முழு ஏர்க்கலப்பையோ கிடைத்தால் அதை வெட்டாதீர்கள். அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், இல்லை கேட்பவருக்குக் கொடுத்துவிடுங்கள்.

கோவை, திருப்பூரில் இருப்பவர்களுக்கு இன்னொரு வழி, வெளிநாட்டிலிருந்து வரும் மிஷின்களின் பேக்கிங் பெட்டியும் பேலட்டும். பெரும்பாலும் பைன் மரம், மெத்தென்று இருக்கும், கை பழகுவதற்கு நல்லது. அதில் கோதுமைக் கதிர் படம் போட்டு ஒரு முத்திரை குத்தியிருப்பார்கள். 'எச்.டி.' என்று இருந்தால் மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி சூட்டில் 30 நிமிடம் இருக்கும்படி காய்ச்சியது, தாராளமாக எடுக்கலாம். 'எம்.பி.' என்று இருந்தால் மெத்தில் புரோமைடு விஷப்புகை போட்டது, அதைத் தொட வேண்டாம்.

சட்டத்தையும் கொஞ்சம் கவனியுங்கள். சாலையோர மரம் அரசாங்கச் சொத்து, வெட்டிக் கிடக்கிறதே என்று ஒரு கிளையைக்கூட வண்டியில் போட்டுக்கொண்டு வர முடியாது. ஏலம் எடுத்தவரைப் பிடித்து அவரிடம் காசு கொடுத்து வாங்குங்கள். சந்தனம், ஈட்டி, செம்மரம் மூன்றிலும், பட்டா நிலத்தில் நின்றிருந்தாலும், வனத்துறையைக் கேட்காமல் கை வைக்காதீர்கள். யாராவது மலிவாகத் தருகிறேன் என்றால் ஒதுங்கிக்கொள்ளுங்கள். பழைய வீட்டு மரம் வாங்கினாலும் ஒரு துண்டுச் சீட்டிலாவது ரசீது எழுதி வாங்குவது நல்லது.

எந்த மரத்தில் என்ன வரும்

மரத்தை அடையாளம் காணக் கண் பழக வேண்டும். கோவையில் இருந்தால் ஆர்.எஸ்.புரம் பக்கம் வனக் கல்லூரி வளாகத்தில் உள்ள கேஸ் வன அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள், 1902-இல் தொடங்கியது. அங்கே மரத் துண்டுகளைப் பெயரோடு வைத்திருக்கிறார்கள். ஒரு மணி நேரம் நின்று பார்த்தால் வைரத்தின் நிறமும் நாரின் ஓட்டமும் மனதில் பதியும்.

நம் பக்கத்து மரங்களில் எனக்குப் பிடித்தது வேலம், கருவேலும் வெள்வேலும். காங்கேயம் பக்கத்துக் கொறங்காட்டில், அதாவது மேய்ச்சல் காட்டில், நிற்பது வெள்வேல். வண்டிச் சக்கரத்துக்கும் கலப்பைக்கும் ஆசாரிகள் காலங்காலமாக வேல மரத்தைத் தேடிப் போனதற்குக் காரணம் அதன் உறுதி. காய்ந்த பிறகு உளியைத் திருப்பி அடிக்கும், ஆனால் விளிம்பு உடையாமல் நிற்கும், அதில் இருக்கிற துவர்ப்பு கீழே சொல்லப்போகும் ஒரு வித்தைக்கு ரொம்பவும் உதவும்.

வேம்பு தொடக்கக்காரருக்கு ஏற்றது. மகோகனி குடும்பத்து மரம், நிறத்திலும் அந்தச் சாயல் தெரியும். பூவரசு வயதானதாக இருந்தால் உள்ளே சாக்லேட் நிறத்தில் வைரம் இருக்கும், கிண்ணம், தட்டு செய்தால் கண்ணை எடுக்க முடியாது. வாகை கருங்கோடு ஓடிய பழுப்பு, மரச்செக்குக்குப் போகிற மரம், அறுக்கும்போது தூள் மூக்கில் ஏறினால் தும்மல் நிற்கவே நிற்காது, முகக்கவசம் இல்லாமல் தொடாதீர்கள். புளி மகா கனம். கறிக்கடையில் வெட்டு விழுகிற கட்டை பெரும்பாலும் புளியங்கட்டைதான், அதிலிருந்தே அதன் குணம் தெரிந்திருக்கும். அதில் நுணுக்க வேலை செய்யப் புறப்பட்டால் மணிக்கட்டு போய்விடும், பெரிய உருவமாக, பாதி செதுக்கிப் பாதி விட்டதாகச் செய்வதற்கு ஏற்றது. மாமரம் சுலபமாக வரும், ஆனால் உளுத்துப்போவதில் அதை மிஞ்ச ஆளில்லை. கொய்யாக் கிளை சின்ன வேலைகளுக்கு. முருங்கை, இலவம் வேண்டவே வேண்டாம்.

சீமைக் கருவேலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஊரெல்லாம் திட்டி, கோர்ட்டும் அரசாங்கமும் ஒழிக்கச் சொல்லி, கரிமூட்டத்துக்குப் போகிற மரம். ஆனால் காயும்போது இதைப் போலச் சுருங்காமல் முறுக்காமல் இருக்கும் மரம் ரொம்பக் குறைவு. தடித்த அடிமரமாகக் கிடைத்தால் விடாதீர்கள். பெரும்பாலும் கோணல்மாணலாகத்தான் கிடைக்கும், அந்தக் கோணலே பறவைக்கும் பாம்புக்கும் உருவம் கொடுத்துவிடும்.

அரளியை மட்டும் தொடாதீர்கள். நெடுஞ்சாலை நடுவில் வெட்டிப் போடும் கிளைகள் வழவழவென்று அழகாக இருக்கும், ஆனால் முழு மரமும் விஷம், தூளும் புகையும் உட்பட.

தென்னைக்குக் கணக்கே வேறு. அதில் ஆண்டு வளையமும் கிடையாது, வைரமும் கிடையாது. ஓரத்தில் இரும்பு மாதிரி கெட்டியாகவும் நடுவில் சக்கையாகவும் இருக்கும், ஆகவே வெளிப்பக்கத்து இரண்டு இன்ச்சை மட்டும் பலகையாக அறுத்து வாங்கிக்கொண்டு நடுவை விட்டுவிடுங்கள். அடிமரம்தான் உசத்தி, வயதான மரமாக இருந்தால் இன்னும் நல்லது. அறுத்த சில நாளிலேயே பூசணம் பூத்துவிடும் என்பதால் அன்றே காற்றாட அடுக்க வேண்டும். உளி சீக்கிரம் மழுங்கும், அடிக்கடி தீட்ட வேண்டியிருக்கும். இவ்வளவு தொல்லைக்கும் கூலி, குறுக்கே வெட்டிய முகத்தில் தெரியும் கரும்புள்ளிகள். சின்னச் சதுரங்களாக நறுக்கி, புள்ளி முகம் ஒன்று, கோடு முகம் ஒன்று என்று மாற்றி மாற்றி ஒட்டினால் சுவருக்கு ஒரு தகடு ஆகிவிடும், அதற்கு மேல் செதுக்க ஒன்றும் வேண்டியதில்லை.

ஈரம் போகட்டும்

பழைய வீட்டு மரத்துக்கு இந்தப் பகுதி தேவையில்லை, அது காய்ந்து பல காலம் ஆகியிருக்கும். புதிதாக விழுந்த மரமென்றால் பொறுமை வேண்டும்.

வட்டக் கட்டையை வட்டமாகவே காயப்போட்டால் வெடிக்கும், அது எந்த மரமாக இருந்தாலும் சரி. மரம் வளையத்தை ஒட்டிய திசையில் சுருங்குவது, மையத்திலிருந்து பட்டை நோக்கிய திசையில் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்த இழுப்புக்கு எங்காவது பிளந்தே ஆக வேண்டும். எனவே கட்டை கைக்கு வந்த அன்றே மையம் வழியாக இரண்டாகப் பிளந்துவிடுங்கள், நடுவில் இருக்கும் அந்த விரல் தடிமன் மையத்தையும் கழித்துவிடுங்கள். அடுத்து, வெட்டு வாய்களில் பழைய பெயிண்ட்டோ உருக்கிய மெழுகோ தடவுங்கள். மரத்தின் தண்ணீர் பக்கவாட்டில் வெளியேறுவதைவிட வெட்டு முகம் வழியாகப் பல மடங்கு வேகமாக வெளியேறும். அதை அடைத்தால்தான் மொத்தமும் ஒரே சீராகக் காயும்.

தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில், ஒரே தடிமனுள்ள ரீப்பர் துண்டுகளை இடையில் கொடுத்து நிழலில் அடுக்குங்கள். வெயிலில் வைத்தால் சீக்கிரம் காயும் என்று நினைக்காதீர்கள், மேல்தோல் காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும், அதுதான் வெடிப்புக்கு வழி. நம்ம ஊரில் இன்னொரு வம்பு ஆடிக்காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து வாரக்கணக்கில் அடிக்கும் அந்தக் காற்றில் அடுக்கை அப்படியே விட்டால் மேற்குப் பக்கத்து முனையெல்லாம் வாய் பிளந்துகொள்ளும். ஒரு சாக்குப் படுதாவை அந்தப் பக்கம் கட்டிவிடுங்கள். ஐப்பசி மழையில் காய்வது நின்றுவிடும், பரவாயில்லை, தைக்குப் பிறகு மறுபடி பிடித்துக்கொள்ளும்.

எவ்வளவு நாள் என்றால், ஒரு இன்ச் தடிமனுக்கு ஒரு வருடம் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. நம் வெக்கைக்குச் சின்னத் துண்டுகள் அதற்கு முன்பே காய்ந்துவிடும். ஊகிப்பதைவிட நிறுத்துப் பாருங்கள். அடுக்கிலிருந்து ஒரு துண்டை எடுத்துச் சமையலறைத் தராசில் வைத்து எடையை அதன் மேலேயே பென்சிலில் எழுதுங்கள், வாரம் ஒருமுறை. எடை குறைவது நின்றுவிட்டால் காய்ந்துவிட்டது. ஈரமானி வாங்க வேண்டிய அவசியமே இல்லை.

காத்திருக்க முடியாது என்பவர்கள் கிண்ணம் செய்யலாம். வேம்பு, பூவரசு இரண்டும் ஈரமாக இருக்கும்போது உளிக்கு அவ்வளவு இணங்கும். பிளந்த பாதிக் கட்டையில் பச்சையாகவே குடைந்து, சுவர் எல்லா இடத்திலும் ஒரே தடிமனாக இருக்கும்படி, சுமார் அரை இன்ச், செதுக்கி, அதன் சீவலையே சுற்றிப் போட்டு ஒரு காகிதப் பையில் கட்டி வையுங்கள். மெல்லக் காயும். லேசாகக் கோணிக்கொண்டு முட்டை வடிவம் ஆகும். எனக்கு அந்தக் கோணல்தான் பிடிக்கும்.

ஆணி, பெயிண்ட், உளு

பழைய விட்டத்தில் ஆணி இருந்தே தீரும். ஒரு நல்ல காந்தத்தை மெல்ல ஓட்டிப் பாருங்கள். வேல மரத்திலும் வாகையிலும் ஆணி இருந்த இடத்தைச் சுற்றி நீலக்கருப்பாக ஒரு கறை இருக்கும், தலை தெரியாவிட்டாலும் கறை காட்டிக்கொடுத்துவிடும். மில்காரர் பழைய மரத்தை அறுக்க மாட்டேன் என்பது ஆணிக்குப் பயந்துதான், பிளேடு போனால் அவருக்கு நஷ்டம், அதனால் சுத்தம் செய்துவிட்டு எடுத்துப்போய்க் கேளுங்கள். பிடுங்கிய துருப்பிடித்த ஆணிகளை எறியாமல் ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள், வேலை இருக்கிறது.

பச்சை, நீலப் பெயிண்ட் அடித்த பழைய கதவு, சன்னல்களை உப்புத்தாள் போட்டு வறட்சியாகத் தேய்க்கவே கூடாது. வீட்டுப் பெயிண்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு, மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்ததில் எவ்வளவு ஈயம் இருக்கும் என்று யார் கண்டது. ரிமூவர் போட்டு, ஈரமாக வழித்து எடுங்கள், குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம். இல்லையென்றால் பெயிண்ட்டை அப்படியே விட்டு மேலே வார்னிஷ் அடித்து அடக்கிவிடலாம், உதிராமல் ஒட்டியிருந்தால் மட்டும்.

கட்டையில் ஊசித்துளைகளும் கீழே மாவு மாதிரித் தூளும் இருந்தால் வண்டு உயிரோடு இருக்கிறது. வண்டு தேடுவது மரத்தின் வெளிர் பகுதியில் இருக்கும் மாவுச்சத்தை. வைரத்தை அது அநேகமாகத் தொடாது. முடிந்தால் வெளிர் பகுதியைச் செதுக்கி எறிந்துவிடுங்கள். அது வேண்டும் என்றால் ஒரு லிட்டர் வெந்நீரில் 30 கிராம் வெங்காரமும் (போராக்ஸ்) 20 கிராம் போரிக் பவுடரும், கேரம் போர்டுக்குப் போடுவோமே அதுதான், கரைத்து இரண்டு மூன்று தடவை நன்றாக ஊறும்படி அடியுங்கள். பச்சைக் கட்டையில் இது இன்னும் ஆழமாக இறங்கும். சாப்பாட்டுப் பாத்திரமாகப் போகிற துண்டுக்கு மட்டும் இந்த மருந்து வேண்டாம்.

இனி காளை

முதல் வேலையாகப் படுத்திருக்கும் காங்கேயம் காளை ஒன்றைச் செய்யச் சொல்வேன். நிற்கிற காளை வேண்டாம். காரணம் நார். உடம்பின் நீளவாக்கில் நார் ஓடும்படி கட்டையை வைத்தால் நான்கு காலிலும் நார் குறுக்கே ஓடும், முழங்காலில் உளி பட்ட உடனே பொட்டென்று போய்விடும். காலை மடக்கிப் படுக்க வைத்துவிட்டால் அந்தத் தொல்லையே இல்லை.

பழைய வேல மர விட்டத்தில் ஏழு இன்ச் நீளம், நாலு இன்ச் உயரம், மூன்று இன்ச் அகலத்தில் துண்டு போதும். அடியில் கூடுதலாக ஒன்றரை இன்ச் விட்டு வெட்டிக்கொள்ளுங்கள், அதைத்தான் வைஸில் கடித்துப் பிடிக்க வேண்டும், எல்லாம் முடிந்த பிறகு அறுத்துவிடலாம். வேலம் கிடைக்காவிட்டால் வேம்பு.

கருவி என்று பெரிய பட்டியல் வேண்டாம். நாலு நூல் (அரை இன்ச்) உளி ஒன்று, இரண்டு நூல் (கால் இன்ச்) உளி ஒன்று, வாய் குழிந்த உளி ஒன்று, கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியல், சின்ன ரம்பம், மர அரம், எண்ணெய்க்கல். குழிந்த உளி கடையில் நல்லதாகக் கிடைக்கவில்லை என்றால் லாரியின் ஸ்பிரிங் பட்டையில் அருவாள் அடிக்கும் கொல்லுப்பட்டறையில் சொன்னால் அடித்துக் கொடுப்பார்கள், வருடக்கணக்கில் உழைக்கும். ஆங்கிள் கிரைண்டரில் பல் வைத்த மர பிளேடை மாட்டிச் செதுக்கும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு இறங்காதீர்கள். அது எகிறினால் கையில் நிற்காது.

காளையின் பக்கத் தோற்றத்தைக் காகிதத்தில் வரைந்து கட்டையில் ஒட்டுங்கள். காங்கேயத்தின் அடையாளம் திமில், குட்டையான கனத்த கழுத்து, கழுத்தடியில் மார்போடு நின்றுவிடும் மெல்லிய அலைதாடி. படம் பார்த்து வரைவதைவிட ஒரு மாட்டுச் சந்தைக்குப் போய், கண்ணபுரம் தேர்ச்சந்தை சமயமென்றால் இன்னும் நல்லது, நேரில் பார்த்து வரைவது வேறு. வரைந்த கோட்டுக்கு வெளியே கழிக்க வேண்டிய இடத்தில் அரை இன்ச்சுக்கு ஒன்றாக ரம்பத்தால் கீறல் போடுங்கள், கோட்டுக்கு ஒரு நூல் முன்னால் நிறுத்திக்கொண்டு. பிறகு உளியை வைத்து அடித்தால் ஒவ்வொரு பல்லாகக் கழன்று விழும். பக்கம் முடிந்ததும் மேலிருந்து பார்க்கிற தோற்றத்தை வரைந்து அதே வேலை. இந்த இரண்டும் முடியும்போது கையில் இருப்பது கட்டம் கட்டமான ஒரு முரட்டு உருவம், காளை என்று சொன்னால்தான் தெரியும். அங்கேயே கண், மூக்கு என்று இறங்கிவிடக் கூடாது. மொத்த உடம்பையும் சுற்றிச் சுற்றி உருட்டிக்கொண்டே வாருங்கள்.

உளி எப்போதும் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு. திமில் உச்சியிலிருந்து முதுகுக்கு ஒரு பக்கம், கழுத்துக்கு மறுபக்கம். பள்ளத்திலிருந்து மேடேறினால் நாரைப் பிளந்துகொண்டு உள்ளே இறங்கி, நீங்கள் வைத்துக்கொள்ள நினைத்த இடத்தையே பெயர்த்தெடுத்துவிடும். உளி எங்கேயாவது தடுக்கினால் பலத்தைக் கூட்டாதீர்கள், திசையை மாற்றுங்கள், இல்லை தீட்டிவிட்டு வாருங்கள்.

வாலை உடம்போடு ஒட்டியே செதுக்குங்கள், காதையும் தலையோடு ஒட்டி. மடக்கிய காலுக்கு ஒரு கோடும் லேசான மேடும் போதும். கண்ணுக்கு ஒரு சின்னக் குழி, அவ்வளவே. முகத்தில் ரொம்பச் செதுக்கச் செதுக்கக் காளை பொம்மையாகிக்கொண்டே போகும்.

கொம்பு கட்டையிலிருந்து வராது, வரவைக்கப் பார்க்காதீர்கள், அதே நார்ப் பிரச்சினைதான். கொட்டாங்குச்சியில் இயற்கையாகவே வளைவு இருக்கிறது. முற்றிய காயின் ஓட்டில் இரண்டு பிறைத்துண்டு அறுத்து, அரத்தால் உருட்டி, உப்புத்தாளில் தேய்த்தால் கருப்பு மினுங்கும். அடிப்பாகத்தை முளை போல் மெலிய ராவி, தலையில் துளை போட்டு எபாக்சி பசை வைத்துச் செருகுங்கள். கொம்பு வெளியே விரிந்து பின்னால் சாய்ந்து மேலே போக வேண்டும்.

வழியில் கட்டையில் வெடிப்போ ஆணித்துளையோ வந்தால் அடைக்க ஓடாதீர்கள். அகலும்போல இருக்கிற வெடிப்பானால் உடுக்கை வடிவத்தில் ஒரு துண்டு வெட்டிக் குறுக்கே பதித்துவிடுங்கள், பிடித்து நிறுத்தும். இப்போது எல்லா வெடிப்பிலும் நீல ரெசின் ஊற்றி ஆறு ஓடவிடுகிறார்கள். பளபளவென்று இருக்கிறது, வாஸ்தவம். எந்த ஊர் மரம் என்றுதான் தெரிய மாட்டேன் என்கிறது. நூறு வருடம் ஒரு வீட்டைத் தாங்கிய விட்டத்தின் ஆணித்துளை காளையின் விலாவில் தெரிந்தால் அது குறை என்று நான் நினைக்கவில்லை.

உப்புத்தாள் 80-இல் தொடங்கி 120, 180, 240. 180 முடிந்ததும் ஈரத்துணியால் துடையுங்கள், மடங்கிக் கிடந்த நாரெல்லாம் நிமிரும், காய்ந்ததும் 240. இந்த ஈரத்துணி வேலையைத் தாண்டிப் போனால் அடுத்த கட்டத்தில் சொரசொரப்பாகிவிடும்.

மயிலையா, காரியா

இப்போது அந்த ஆணி டப்பா. கண்ணாடி பாட்டிலில் ஆணிகளைப் போட்டு மூழ்கும்வரை வினிகர் ஊற்றி ஒரு வாரம் வையுங்கள். மூடியை இறுக்காதீர்கள், உள்ளே வாயு வரும், வெடிக்கும். பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் நாரைப் போடலாமா என்றால், துருப்பிடிக்காத வகை என்றால் கரையாது, பயனில்லை. வாரம் கழித்துத் துணியில் வடிகட்டினால் சாம்பல் நிறத்திலோ தேநீர் நிறத்திலோ ஒரு தண்ணீர் கிடைக்கும்.

அதைத் தூரிகையில் தொட்டு வேல மரத்தில் தடவிவிட்டுப் பாருங்கள், கண்ணெதிரே கருக்கும். மரத்தின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து செய்யும் வேலை, ஆணியைச் சுற்றிக் கறை வந்தது இதே காரணத்தால்தான். பெயிண்ட் போல மேலே உட்காராது, மரமே கருக்கிறது, அதனால் உரியவும் உரியாது, நார் தெளிவாகத் தெரியும். வேம்பு, மா போன்றவற்றில் துவர்ப்பு போதாது. அதற்கு நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய் வாங்கி, நாலைந்தைத் தட்டி அரை லிட்டர் தண்ணீரில் கொதிக்கவைத்து, அந்தச் சாற்றை முதலில் பூசிக் காயவிட்டு, மேலே இரும்புத் தண்ணீர் பூசுங்கள்.

காங்கேயம் காளைக்கு இது அச்சு அசலாகப் பொருந்தும். காளையின் உடம்பு சாம்பல், திமிலும் கழுத்தும் பின்தொடையும் கருப்பு. இரும்புத் தண்ணீரில் ஒன்றுக்குப் பத்து என்று நீர் கலந்து உடம்பு முழுக்கப் பூசினால் மயிலை. அது ஈரமாக இருக்கும்போதே திமிலிலும் கழுத்திலும் கலக்காத தண்ணீரைத் தொட்டு வைத்து, ஓரங்களை வெறும் ஈரத் தூரிகையால் இழுத்துவிட்டால் கருப்பு மெல்லக் கரைந்து சாம்பலோடு சேரும். காரி, அதாவது முழுக் கருப்பு, வேண்டுமென்றால் கலக்காததையே உடம்பு முழுக்க இரண்டு கை. செவலைக்கு ஒன்றும் பூச வேண்டாம், வேல மரத்தின் நிறமே போதும். முதலில் கழிவுத் துண்டில் பூசிப் பாருங்கள், ஒவ்வொரு கட்டையும் ஒவ்வொரு விதமாகக் கருக்கும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், விரல் கருத்தால் நாலு நாளைக்குப் போகாது.

எண்ணெய்

ஒரு நாள் முழுக்கக் காய்ந்த பிறகு லின்சீட் ஆயில், அதாவது ஆளிவிதை எண்ணெய். நிறையப் பேர் வீட்டில் இருக்கும் தேங்காய் எண்ணெயைத் தடவிவிடுகிறார்கள். தேங்காய் எண்ணெய் ஆட்டும் காங்கேயத்துக்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, அது தலைக்கும் தாளிப்புக்கும் நல்லது, மரத்துக்கு ஆகாது. தேங்காய் எண்ணெயும் கடலை எண்ணெயும் காய்ந்து இறுகாது, பிசுபிசுவென்று நின்று தூசியைப் பிடித்துக்கொண்டு நாளடைவில் சிக்கு வாடை அடிக்கும். ஆளிவிதை எண்ணெய்தான் காற்றுப் பட்டு இறுகும். மெல்லியதாக ஒரு கை பூசி, கால் மணி நேரத்தில் மிச்சத்தைத் துடைத்துவிட்டு, இரண்டு மூன்று நாள் இடைவெளியில் இன்னும் இரண்டு கை. கடையில் 'பாயில்டு' என்று விற்பது சீக்கிரம் காயும், ஆனால் அதில் உலோகக் கலவை சேர்த்திருப்பார்கள், காளைக்குச் சரி, சாப்பிடும் கிண்ணத்துக்குக் கூடாது. கடைசியில் ஒரு பங்கு தேன்மெழுகும் நாலு பங்கு எண்ணெயும், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்கி, ஆறவிட்டுத் தேய்த்தால் ஒரு மங்கலான மினுமினுப்பு வரும். வார்னிஷ் பளபளப்பு கேட்பவர்களுக்கு இது பிடிக்காமல் போகலாம்.

எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் இறுகும்போது சூடு கிளப்பும், சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். மரத்தூள் கிடக்கும் பட்டறையில் இது நடந்தால் கேட்கவே வேண்டாம். ஒவ்வொரு துணியையும் வெளியே கொடியில் விரித்துக் காயப்போடுங்கள், இல்லை தண்ணீரில் முக்கி வையுங்கள்.

விற்கப் போகிறீர்கள் என்றால் கட்டையின் விலையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், அது விறகு விலை, வாங்குகிறவருக்கும் அது தெரியும். செதுக்கிய மணி நேரத்துக்கு ஊரில் ஒரு ஆசாரி வாங்கும் கூலி என்னவோ அதை வைத்துக் கணக்கிடுங்கள். காளையின் அடியில் எந்த மரம், எந்த ஊர் வீட்டு விட்டம் அல்லது எந்தத் தோட்டத்து மரம், எந்த வருடம் செய்தது என்று சூட்டுக்கோலாலோ பேனாவாலோ எழுதிவிடுங்கள், எண்ணெய் பூசுவதற்கு முன்பே, பிறகு எழுதினால் பேனா மை பிடிக்காது.